பிணத்துக்குப் பரிசில்லை

அழுகிறவனே கலைஞன், சிரிக்க வைப்பவன் வெறும் விதூஷகன் என்பது விருதுக் குழுக்களில் அமரும் கனவான்களின் பரம்பரைச் சாஸ்திரம் போலும். ஆயிரம் பொன்னுக்கு ஆசைப்பட்டு, சொக்கநாதர் சந்நிதியில் தனக்குத்தானே கேள்வியும் பதிலுமாகப் புலம்பித் தவித்த, ‘திருவிளையாடல்’ படத்து நாகேஷின் தருமிக்கு 1965இல் தேசிய விருது இல்லை. துணை நடிகருக்கான பிரிவே 1984ஆம் வருஷத்துப் படங்களுக்குத்தான் ஏற்பட்டதாகையால், அன்றைய குழுவினரைக் கோபித்துப் பிரயோஜனமில்லை. ஆனால் 1994இல், ‘மகளிர் மட்டும்’ படத்தில் ஒரு வார்த்தை பேசாமல், பிறர் இழுத்த இழுப்புக்கெல்லாம் துவண்டு, பிணமாகவே கிடந்து கொட்டகையை அதிரச் செய்தாரே, அதுவும் கணக்கில் ஏறவில்லை. அதே ஆண்டு ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பனாராகக் கலங்கியதற்கே பரிசு வந்தது, அதுவும் இன்னொரு நடிகரோடு பாகம் பிரித்து. நடுவர் பெருமக்களே, தயவுசெய்து அந்தப் பிணத்தை இன்னொரு முறை பாருங்கள்.