மலைக்கு ஏற்ற கார்

கேள்வி: என்னிடம் போலோ ஜிடி டிஎஸ்ஐ இருக்கிறது. மாதந்தோறும் திருமலை போகிறோம். வீட்டில் இப்போது ஆறு பேர். சிக்கனமான குடும்ப காருக்கு மாறலாமா?
– வாசகர், சித்தூர்

பதில்: தாராளமாக மாறுங்கள். சித்தூர்–திருப்பதி ஆறுவழிச் சாலையில் உங்கள் கார் பறக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலையடிவார அலிபிரியைத் தாண்டினால் ஏழுமலையான் எல்லோரையும் சமமாக்கிவிடுகிறார். ஏறக் குறைந்தது 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் எடுக்க வேண்டும். அதற்கு முன்பே போய் நின்றால் அபராதம். டர்போவுக்கும் பழைய மாருதி 800-க்கும் அங்கே ஒரே முகூர்த்தம்தான்!

போலோ உற்பத்தியும் இந்தியாவில் 2022-இல் நின்றுவிட்டது. ஆறு பேருக்கு எர்டிகா சிஎன்ஜி பொருந்தும். கிலோவுக்கு 26.11 கி.மீ. என்பது நிறுவனக் கணக்கு. ஆள் ஏறினால், ஏசி போட்டால் குறையும். மூன்றாம் வரிசைக்குப் பின்னால் சிலிண்டர் உட்கார்ந்துகொள்வதால் லட்டுப் பைகள் மடியில்தான் வரும். சிஎன்ஜியில் இழுவை குறைவு என்பதால் மலை ஏறும்போது பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இறங்கும்போது தாழ்ந்த கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கவே இறங்காதீர்கள்.

பணம் கட்டுமுன் ஆறு பேரையும் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். கடைசி வரிசை பிள்ளைகளுக்கு. பெரியவர்களை அங்கே ஏறச் சொல்லாதீர்கள்.