அறுநூறு நல்லா பால் கொடுக்கும்

அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. மலாய், கடைத்தெருவுக்குப் போதுமான அளவு வரும். நம்பர் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொந்தமாக இருந்த தோட்டத்தில், எங்கள் வாயில் ‘ஆர்.ஆர்.ஐ.’ என்றே நிலைத்துவிட்ட தோட்டத்தில், மரங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆராய்ச்சிக்காரர்கள் உண்டாக்கிய ரகங்கள்: 501, 600, 623. எந்த நிரையில் எந்த நம்பர் நிற்கிறது என்று விடியற்கால இருட்டிலேயே சொல்லிவிடுவார். ‘அறுநூறு நல்லா பால் கொடுக்கும்’ என்பதைக் கல்யாண வீட்டுப் பேச்சிலும் சாவு வீட்டுப் பேச்சிலும் எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துவிடுவார். மிகையில்லை. அந்த 600 தாய்லாந்துத் தோட்டங்களில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்ட ரகம்.

அதனால்தான் 2000-ஆம் ஆண்டு கோலாலம்பூர் இம்பி பிளாசாவில், கணினிக் கடைப் பையன் “பெண்டியம் 133, பெண்டியம் 166” என்று அடுக்க ஆரம்பித்ததும் அப்பாவின் முகம் தெளிந்தது. அதுவரை மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றவர் முன்னால் வந்தார்.

“எந்த நம்பர் நல்லா ஓடும்னு கேளு.”

மலாயாப் பல்கலைக்கழகத்தில், இந்திய ஆய்வியல் துறையில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. கட்டுரைகளை டைப் அடித்துத்தான் கொடுக்க வேண்டும், எழுத்தளவு 12, வரி இடைவெளி ஒன்றரை என்று மூத்த மாணவிகள் முதல் வாரமே பயமுறுத்திவிட்டார்கள். விடுதி மேசையில் ஒரு சோற்றுத் தட்டும் ஒரு புத்தகமும் வைத்தால் இடம் முடிந்தது. பெரிய கணினியை அங்கே வைக்க முடியாது, வார இறுதியில் வீட்டுக்குத் தூக்கி வரவும் முடியாது. ஆகவே மடிக்கணினி. ஆகவே பெண் பார்க்கப் போகிற மாதிரி ஒரு சனிக்கிழமை நாலு பேர் கிளம்பினோம்: அப்பா, மாமா, நான், கணினியில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன். தோட்டத்தில் மடிக்கணினியைத் தொட்டுப் பார்த்திருந்த ஒரே ஆள் அந்த அண்ணன்தான். அன்றைக்கு முழுவதும் அவருக்குத் தேத்தண்ணீர் மாமா செலவு.

பக்கத்திலேயே லோயாட் பிளாசா திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பா உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். “தரை இப்படிப் பளபளன்னு இருந்தா அந்தக் காசையும் நம்ம தலையிலதான் கட்டுவான்.” பொருளாதாரம் படித்தவர்கள் இதை இன்னும் நீளமாகச் சொல்வார்கள்.

புதுசு எதுவும் ஆறாயிரம் வெள்ளிக்குக் கீழே இறங்கவில்லை. அப்பாவின் மாதச் சம்பளம் எழுநூறைத் தொடாத காலம். “கொஞ்சம் பொறுத்தா விலை இறங்கும்” என்றார் மாமா. 1998 செப்டம்பரில் டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று கட்டிப்போட்டிருந்தார்கள். அது 2005 ஜூலை வரை அசையவில்லை. மாமா சொன்னபடி பொறுத்திருந்தால் நான் பட்டம் வாங்கிவிட்டு மடிக்கணினி வாங்கியிருப்பேன்.

கடைசியில் கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து வெளியே வந்தது ஒரு பழைய தோஷிபா. பெண்டியம் 133. நினைவகம் 32 எம்பி. மூடியில் யாரோ ஒட்டிக் கிழித்த ஸ்டிக்கரின் பசை. அப்பா அதை ஒரு கையால் தூக்கினார், இன்னொரு கைக்கு மாற்றினார். மூன்று கிலோ இருக்கும். “நல்ல கனமா இருக்கு” என்றார், திருப்தியாக. கனமாக இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். கடைப் பையன் வாடிக்கையாளரின் மனசைப் படித்தவன். “அங்கிள், ஜாங்கான் ரிசாவ். இனி தோஷிபா, தாஹான்” என்றான். கவலைப்படாதீர்கள், இது தோஷிபா, தாங்கும்.

“166 இல்லையா?” என்று அப்பா ஒருமுறை கேட்டுப் பார்த்தார். இருந்தது, ஐந்நூறு வெள்ளி கூட. “133-ம் நல்லாத்தான் பால் கொடுக்கும்” என்று முடித்துவிட்டார்.

ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. அம்மா சீட்டை முன்கூட்டியே எடுத்த பணம். ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப். சேமிப்பிலிருந்து கணினி வாங்கப் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சமயத்தில் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் பலர் எடுத்தார்கள். கணினியே வராமல் கையில் ரொக்கம் மட்டும் வந்த வீடுகளும் உண்டு என்று பேச்சு. திட்டம் அதிக காலம் ஓடவில்லை. பாரத்தை வாங்கி வந்து நிரப்பியும் கொடுத்தேன். அப்பா கையெழுத்துப் போடவில்லை. “அது கிழவயசுக் காசு. அதுல கை வைக்கிறவன் உருப்படமாட்டான்.”

தோஷிபாவின் பேட்டரி செத்துப்போயிருந்தது விடுதிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. வயரைப் பிடுங்கினால் திரை இருண்டுவிடும். எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், ஆனால் போன இடத்தில் சுவரோரமாக உட்கார வேண்டும். அறைத்தோழி அயர்ன் பாக்ஸைச் சொருகும்போது ஃபியூஸ் போகும். என் சிலப்பதிகாரக் கட்டுரையும் கூடவே போகும். நூலகத்தில் எந்தத் தூணில் பிளக் இருக்கிறது, எது வேலை செய்கிறது என்பதை அந்த மூன்று வருஷத்தில் தலைகீழாகக் கற்றேன். பாடத்தில் அவ்வளவு தேர்ச்சி இல்லை.

தமிழில் டைப் அடிக்க முரசு அஞ்சல் மென்பொருள். அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம்ம ஊர் ஆள் என்பதில் எங்கள் எல்லோருக்கும் சொந்தக்காரர் மாதிரி ஒரு பெருமை. ஆனால் யூனிகோட் எங்களை எட்டாத காலம் அது; ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, ஆளாளுக்கு ஒரு குறியீட்டு முறை. ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு அச்சுக்கடைக்குப் போவேன். கடைக்காரர் கணினியில் என் எழுத்துரு இருக்காது. கண்ணகி வழக்குரைக்கும் இடம் முழுக்க கேள்விக்குறியும் டாலர் குறியுமாக விரியும். எழுத்துருவை இன்னொரு ஃபிளாப்பியில் கொண்டுபோய்ச் சேர்த்து, அவர் முகத்தைப் பார்க்காமல் தாளை வாங்கி வருவேன்.

இது அந்தக் கதை. இனி போன வருஷம்.

2025 அக்டோபரில் மகள் அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். எங்கள் சுங்கை பூலோவிலேயே பெரிய வளாகம் ஒன்று இருக்கிறது. அது எங்கள் இனத்துப் பிள்ளைகளுக்கானதில்லை என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதனால் அதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அவளுக்குக் கிடைத்தது வேறு இடத்தில், கோமுட்டர் போகும் தூரத்தில். ஆசிரியர் படிப்பு.

அப்பாவுக்கு ஒரு நம்பர் போதுமாக இருந்தது. மகளிடம் ஓர் அட்டவணையே இருந்தது: கோர் எத்தனை, ரேம் எத்தனை, திரையின் வெளிச்சம் எத்தனை நிட்ஸ், எடை எத்தனை கிராம். ஆமாம், கிராம். தாத்தா கனம் பார்த்து வாங்கினார், பேத்தி கனமில்லாததைத் தேடினாள். ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் தோள் வலிக்குமாம். கைபேசியும் பவர் பேங்கும் தண்ணீர்ப் புட்டியும் அதே தோளில்தான் தொங்குகின்றன. அவற்றுக்கு அட்டவணை கிடையாது.

உதவித் திட்டங்களைத் தேடினேன். இந்த நாட்டில் மாணவர்களுக்குக் கணினி கொடுக்கும் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2010 முதல் ஒன் மலேசியா நெட்புக். 2022 பட்ஜெட்டில் பெராந்தி சிஸ்வா, பி40 என்னும் குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர் ஆறு லட்சம் பேருக்கு டேப்லெட், 45 கோடி வெள்ளி. தமிழ்நாட்டில் 2011-இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முதலமைச்சர் படத்தோடு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, இங்கே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “அந்தக் காலத்துல நாமளும் கப்பல் ஏறாம இருந்திருக்கலாம்” என்றார். என் விஷயம் எளிது. நான் தகுதி பெறும் வயதில் திட்டம் இல்லை. என் மகள் தகுதி பெறும் வயதில் திட்டம் முடிந்திருந்தது, அல்லது என் சம்பளம் கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் இருபது வருஷமாக வாங்கும் சம்பளம் என்னை எம்40, அதாவது நடுத்தர வருமானக்காரி, ஆக்கியிருக்கிறது. மாதக் கடைசியில் அதை யாராவது வந்து பார்க்க வேண்டும்.

பி.டி.பி.டி.என். கல்விக் கடனில் வாங்கிக்கொள்ளலாம் என்றாள் மகள். கடன் கைக்கு வருவதற்குள் முதல் கட்டுரைக்குத் தேதி வந்துவிடும் என்பது எனக்குப் பழைய பாடம்.

ஆயிரத்துச் சொச்சத்துக்கு இணையத்தில் புத்தம் புதுசு கிடைத்தது. பார்க்க ஒல்லியாக, வெள்ளி நிறத்தில். உள்ளே 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. இரண்டும் தாய்ப்பலகையோடு ஒட்டிப் பிறந்தவை, மாற்ற முடியாது. விண்டோஸ் தன்னைத் தானே ஒருமுறை புதுப்பித்துக்கொண்டால் பாடக் குறிப்பு வைக்க இடம் இருக்காது. ஏழைப் பிள்ளைகளுக்கென்றே செய்த மாதிரி இருக்கும் இந்தப் பெட்டிகள்தான் கடைசியில் அதிகச் செலவு வைப்பவை. அதே காசுக்கு, நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழித்துவிட்ட பழைய திங்க்பேட் வாங்குவது மேல் என்பது என் கட்சி. விசைப்பலகை நன்றாக இருக்கும், மூடியைத் திருகாணி கழற்றித் திறக்கலாம், ரேம் மாற்றலாம்.

ஆனால் அதிலும் நம்பர் பார்க்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு காரியம் முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் நாள் குறித்திருந்தது. விண்டோஸ் 11 கேட்பது, இன்டெல் என்றால், ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்து மேலே. ஆறும் ஏழும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் தேதி போட்டுவிட்டார்கள், கடைகளில் குவிந்து கிடந்தன, மலிவாக. மலிவின் காரணம் விலைச்சீட்டில் எழுதியிருக்காது. வாழ்க்கையில் முதல்முறையாக அப்பா குரலில் என்னையே நான் கேட்டேன்: எந்த நம்பர் நல்லா ஓடும்?

லோயாட்டுக்கே போனோம். இப்போது தரை எவ்வளவோ மங்கிவிட்டது, அப்பா தாராளமாக உள்ளே வந்திருப்பார். இம்பி பிளாசாவின் ஆட்டம் முடிந்து பல வருஷம் ஆகிறது. சுங்கை பூலோவில் எம்.ஆர்.டி. ஏறி, குவாசா டாமான்சாராவில் மாறி, புக்கிட் பிந்தாங்கில் இறங்கினால் ஆயிற்று. அந்தக் குவாசா டாமான்சாரா இருக்கும் நிலம்தான் பழைய ஆர்.ஆர்.ஐ. நிலம். 2,330 ஏக்கர், அரசாங்கத்திடமிருந்து வாங்கியது இ.பி.எஃப். அப்பா பால் எடுத்த நிரைகளை அப்பா கை வைக்க மறுத்த காசு வாங்கிவிட்டது. ரயில் மாறக் காத்திருந்த நேரத்தில் மகளிடம் இதைச் சொன்னேன். “அப்போ தாத்தாவுக்கு அதுல பங்கு இருக்கா?” என்றாள். ஒரு வகையில் இருந்தது. ஆண்டுதோறும் ஈவுத்தொகை என்ற பெயரில்.

காசு எங்கிருந்து என்கிறீர்களா? 2024 மே 11 முதல் இ.பி.எஃப். கணக்கை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாவதற்கு ‘ஃபிளெக்ஸிபல்’ என்று பெயர். எப்போது வேண்டுமானாலும், எதற்கென்று யாரிடமும் சொல்லாமல், கைபேசியிலேயே எடுக்கலாம். பாரம் இல்லை, கையெழுத்து இல்லை, உருப்படமாட்டாய் என்று சொல்ல அப்பாவும் இல்லை. எடுத்தேன்.

திங்க்பேட் டி480. எட்டாம் தலைமுறை. ஆயிரத்து நூறு வெள்ளி. மூடியில் ஏதோ நிறுவனத்தின் சொத்து எண் ஒட்டியிருந்த இடம் பசையோடு வெளுத்திருந்தது. மகள் எடையைப் பார்த்து முகம் சுளித்தாள். ஒன்றரைக் கிலோவை ஒரு மடக்குத் தண்ணீர் அளவு தாண்டியிருந்தது. விற்ற பையன் என்னை ‘ஆன்ட்டி’ என்றான். ஜாங்கான் ரிசாவ் மட்டும் அப்படியே இருக்கிறது. இதில் இரண்டு பேட்டரி, ஒன்று உள்ளே, ஒன்று கழற்றக்கூடியது. நான் முதலில் செய்த காரியம் வயரைப் பிடுங்கிப் பார்த்தது. திரை இருண்டுவிடவில்லை. பையன் நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று பார்த்தான்.

8 ஜிபி ரேமை 16 ஆக்கிக்கொள்ளலாம், அவசரமில்லை, டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது பார்க்கலாம் என்று விட்டோம். டிசம்பரில் ரேம் விலை எங்கேயோ போய்விட்டது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் உலகத்து நினைவகச் சில்லுகளையெல்லாம் வாரிக்கொண்டு போகின்றன, பெரிய வாடிக்கையாளர்களைக் கவனிக்க வேண்டும் என்று மைக்ரான், சாதாரண மனிதருக்கு ரேம் விற்ற தன் குருஷியல் பெயரையே மூடப்போவதாக அறிவித்தது. 1972-இலிருந்து பினாங்கில் இன்டெல் சில்லு வேலை நடக்கிற நாடு இது. உலகத்துக்கே சில்லு பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம். ஒரு 8 ஜிபி துண்டுக்கு நான் லோயாட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மாமா மட்டும் உயிரோடு இருந்திருந்தால் கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும் என்றிருப்பார்.

ரேம் வாங்கவில்லை. அதற்குள் மகளே தேவையில்லை என்றுவிட்டாள். விரிவுரையாளர் புது விதி போட்டிருக்கிறாராம். மாணவர்கள் கொண்டுவரும் கட்டுரைகளை மாணவர்கள் எழுதினார்களா, ஏ.ஐ. எழுதியதா என்று கண்டுபிடித்து மாளவில்லை. அதனால் அடுத்த பருவத்திலிருந்து கட்டுரையை வகுப்பிலேயே உட்கார்ந்து கையால் எழுத வேண்டும்.

“டைப் அடிச்சதை வாங்கமாட்டாங்களாம்மா. வர்ற வாரம் வரும்போது கோடு போட்ட கெர்த்தாஸ் காஜாங் ரெண்டு கட்டு வாங்கிட்டு வாங்க. அப்புறம் நல்லா எழுதற பேனா.”

“எந்த நம்பர்?” என்றேன்.

“0.5.”