குறை சொல்லுதவனைக் கும்பிடுலே!

ஏலே பேராண்டி, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு ஏன் உக்காந்திருக்க? ஆய்விதழ்க்காரன் கட்டுரையத் திருப்பி அனுப்பிட்டானாக்கும்! மதிப்பீட்டாளர் ரெண்டு பேரு. ஒருத்தன் ‘நல்லாயிருக்கு’ன்னு ஒத்த வரி. இன்னொருத்தன் மூணு பக்கத்துக்குக் குறை. உனக்குக் கோவம் மூணு பக்கத்துக்காரன் மேல. அவனுக்குச் சம்பளமும் கிடையாது, கட்டுரையில பேரும் வராது. ராத்திரி முழிச்சிருந்து உன் அட்டவணையில கூட்டல் தப்புன்னு கண்டுபிடிச்சிருக்கான். அவனைப் போயி வையுதியே!

சரி, சுளுவா ஒரு வழி சொல்லுதேன். தெனமும் உனக்கு ஏதேதோ இதழ்ல இருந்து மெயில் வருதுல்லா, ‘மாண்புமிகு பேராசிரியரே’ன்னு? நீ இன்னும் பிஎச்டியே முடிக்கல, அவன் பேராசிரியர் ஆக்கிட்டான். அங்க அனுப்பு. மூணே நாள்ல ஏத்துக்கிடுவான், பணத்தை மட்டும் கட்டிரு. 2013-ல ஜான் போஹன்னன்னு ஒரு பத்திரிகைக்காரன் இப்படித்தான் சோதிச்சுப் பார்த்தான். நம்ம பிரியாணியில போடுத கல்பாசி இருக்குல்லா, அந்தச் சாதிப் பாசியில இருந்து எடுத்த சரக்கு புத்துநோயைத் தடுக்கும்னு ஒரு டுபாக்கூர் கட்டுரை. எழுதினவன் பேரும் பொய், நிறுவனமும் பொய். 304 இதழுக்கு அனுப்பினான். 157 பேரு ஏத்துக்கிட்டான்! காசு வாங்குதவன் எல்லாம் திருடன்னு நினைச்சிராத. ‘ப்ளாஸ் ஒன்’னும் காசு வாங்குத இதழ்தான், கேள்வி மேல கேள்வி கேட்டு ரெண்டே வாரத்துல திருப்பி அனுப்பிட்டான். காசு வாங்கிட்டும் குறை சொன்னாம்னா நிம்மதியா இரு. காசு வாங்கிட்டுத் தோள்ல தட்டினாம்னா ஓடிரு. நம்ம நாட்டுலயும் 2018 மே மாசம் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தான் அங்கீகரிச்ச பட்டியல்ல இருந்து 4,305 இதழைத் தூக்கிச்சு. அந்தப் பட்டியலைப் போட்டதும் அதே யூஜிசிதான், அதையும் ஞாபகம் வச்சுக்கோ.

இன்னொண்ணு கேளு. உங்க துறைத்தலைவர் பேரைக் கட்டுரையில சேக்கணும்னு சொன்னேல்லா? சேத்துக்கோ, தப்பில்ல. பூனையவே சேத்திருக்காவ. 1975-ல அமெரிக்காவுல ஹெதரிங்டன்னு ஒரு இயற்பியல்காரர் தனி ஆளா எழுதிட்டு, கட்டுரை பூரா ‘நாங்கள்’னு போட்டுட்டாரு. ஒத்த ஆள் எழுதினா அது ஆகாதுங்கது இதழ் வழக்கம். டைப் அடிச்ச கட்டுரை, மறுபடி யாரு அடிக்கது? வீட்டுச் சயாமீஸ் பூனைக்கு எஃப்.டி.சி. வில்லார்டுன்னு பேரு வச்சுக் கூட்டாளியாச் சேத்துட்டாரு. ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ல அச்சாயிட்டு! இப்ப அது நடக்காது. யாரு என்ன வேலை செஞ்சாவன்னு பல இதழ்ல எழுதிக் கேக்கான். துறைத்தலைவருக்கு நேரா என்னத்த எழுதுவ? பூனையாவது வீட்டுல கூட இருந்துச்சு.

பதில் வரத் தாமசம்னு அதே கட்டுரைய இன்னொரு இதழுக்கும் அனுப்பிராத. ஒரே பொண்ணுக்கு ரெண்டு வீட்டுல நிச்சயதாம்பூலம் மாத்தின கதையாயிரும்.

கோவம் மட்டும் வேண்டாம்லே. கோவப்படுததுன்னா ஐன்ஸ்டைன் மாதிரி படணும். 1936-ல ரோசன்னு ஒருத்தரோட சேர்ந்து, ஈர்ப்பலைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’வுக்கு அனுப்பினாரு. ஆசிரியர் அதை இன்னொருத்தர்ட்ட காட்டிக் கருத்துக் கேட்டாரு. என்னையக் கேக்காம எப்படிக் காட்டலாம்னு கட்டுரையத் திருப்பி வாங்கிட்டாரு மனுசன். அப்புறம் பார்த்தா, குறை சொன்னவன் சொன்னதுதான் சரி. முடிவையே மாத்தி வேற இதழ்ல போட்டாரு. 2015-ல அந்த அலை கருவியிலயே பிடிபட்டுட்டு. ஐன்ஸ்டைன் மானத்தையே காப்பாத்தினது ஒரு மதிப்பீட்டாளர்னா, உன் மானம் எம்மாத்திரம்?

அதனால மூணு பக்கத்துக்கும் வரிக்கு வரி பதில் எழுது. ஒத்துக்கிட்டதைத் திருத்து; ஒத்துக்காததுக்குக் காரணம் சொல்லு. நாளைக்கு உன்கிட்டயும் ஒருத்தன் கட்டுரை மதிப்பீட்டுக்கு வரும். அன்னைக்கு ‘என்னோட நாலு கட்டுரையையும் மேற்கோள் காட்டணும்’னு மட்டும் எழுதிராத. பேரை மறைச்சு வச்சிருக்கதே அப்புறம் வீணாப் போயிரும்லே!