பால் கறக்கற லேப்டாப்பு

ஏஞ்சாமி, பெங்களூரு வேலைய உட்டுப்போட்டுப் பால் பண்ணை வெக்கப் போறியாமா? உங்கம்மா சொன்னா. நல்ல காரியம். அங்க ஒரு மேனேஜருக்குப் பதில் சொல்லோணும், இங்க பத்து மேனேஜரு. எல்லாரும் விடியாலம் நாலரைக்கே மீட்டிங் கூப்புடுவாங்க, தீவாளி பொங்கல்னு லீவு கேட்டாக் கொம்ப ஆட்டுவாங்க. அப்புச்சிக்கு ரொம்ப சந்தோசம்.

நீ போட்ட கணக்கையும் உன்ற மச்சான் போன்ல விரிச்சுக் காட்டுனான். பத்து மாடு, மாட்டுக்குப் பத்து லிட்டரு, லிட்டரு 38 ரூவா, பெருக்கு 365 நாளு. வருசத்துக்கு 13 லட்சத்து 87 ஆயிரம். படிச்ச புள்ள, பெருக்கல்ல ஒரு பைசா தப்பில்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உன்ற லேப்டாப்புல மாடு செனையாகாமயே வருசம் பூரா கறக்குதே, அது எந்தச் சந்தையில புடிச்ச மாடு?

நம்மூரு மாடு கன்னு போட்டாத்தான் கறக்கும். செனை ஒம்பது மாசத்துக்கு மேல. கன்னு போடறதுக்கு ரெண்டு மாசம் முந்தியே பால வத்த உட்டாகோணும். அந்த அறுவது நாளும் மேவு திங்கும், தண்ணி குடிக்கும், அசை போட்டுக்கிட்டு உன்னயப் பாக்கும், ஒரு சொட்டுக் குடுக்காது. கன்னு போட்ட முதல் ரெண்டு மூணு மாசந்தான் கறவை உச்சம், அப்பறம் எறங்குமுகம். அதுக்குள்ள மறுபடி செனை புடிக்கோணும். பருவத்துக்கு வாரது 21 நாளைக்கு ஒருக்கா. காத்தால கத்துனா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்துனா மறுநா காத்தால. நீ அந்நேரம் "பண்ணை வாழ்க்கை"ன்னு வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தீன்னா, இன்னொரு 21 நாள் மேவு தெண்டம். பால் பண்ணையில நட்டம் வாரது இந்த வழியிலதான். சத்தமே கேக்காது.

38 ரூவாய்க்கு வாரேன். ஆவின்ல பசும்பாலுக்கு 35 ரூவாயா இருந்துச்சு, 2023 டிசம்பர்ல ஊக்கத்தொகை 3 ரூவா சேர்த்தாங்க. அது உன்ற மூஞ்சியப் பாத்துக் குடுக்கறதில்ல சாமி. சொசைட்டியில மிசின்ல ஊத்தி, கொழுப்பு எத்தன, இதர சத்து எத்தனன்னு பாத்துத்தான் ரேட்டு. நீ ஆசப்படற கருப்பு வெள்ளை எச்.எப். மாடு குடம் ரொம்பக் கறக்கும், கொழுப்புல எளச்சுப் போகும். நம்ம சித்திர வெயிலுக்கு நாக்கத் தொங்கப்போட்டு நிக்கும். சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, மலங்காட்டுக்கு எச்.எப். கலப்புன்னு கவுருமெண்டே பிரிச்சு வெச்சிருக்குது. நீ ஊட்டியில நெலம் வாங்கிட்டீன்னாச் சொல்லு, அப்புச்சி சொட்டர் போட்டுக்கிட்டு வாரேன்.

அப்பறம் அந்த ஏ2 பாலு. காங்கேயம் மாட்டுப் பால பாட்டில்ல அடச்சுக் கோயமுத்தூருக்கு விக்கலாங்கறே. வாங்கறவன் இருந்தா வித்துக்க. ஆனா காங்கேயம் ஏரோட்டவும் வண்டி இழுக்கவும் வளத்த சாதி. நாளைக்கு ரெண்டு மூணு லிட்டரு குடுத்தாலே பெருசு, அதுலயும் கன்னுக்குப் பங்கு உடோணும். மிச்சத்துக்கு உன்ற பாட்டிலு பெருசு.

இப்ப நெலத்துக்கு வருவோம். மூணு ஏக்கரா மஞ்சக் காட்டயும் ரெண்டு ஏக்கரா கொரங்காட்டயும் அழிச்சுப் பண்ணையா மாத்தறதாப் படம் போட்டிருக்கறே. படத்துல கொட்டாய்க்குக் காத்தாடி இருக்குது, பாட்டுப் போட ஸ்பீக்கர் இருக்குது. புல்லு எங்கிருக்குதுன்னு கண்ணாடி போட்டும் தேடிப் பாத்தேன், காணோம்.

மஞ்சக் காட்டுல பாதிய மாத்து, குத்தமில்ல. மஞ்ச ஒம்பது பத்து மாசம் கெடந்து, வேக வெச்சு, காய வெச்சு, ஈரோட்டுக்குப் போனா அன்னிக்குத்தான் வெல படுத்திருக்கும். பால்காசு மாசத்துல ரெண்டு மூணு தடவ கைக்கு வரும். இந்தக் காட்டு ஊருல பொம்பளைங்க நெகை அடகுல முழுகாம இருக்கறதுக்குப் பால்காசுதான் காரணம். அதனாலதான் உன்னயத் தடுக்காம ஏசிக்கிட்டு மட்டும் இருக்கறேன்.

பால்காசு வாரது மடியிலயில்ல, மேவுல. ஒரு கலப்பு மாட்டுக்கு நாளைக்கு இருவத்தஞ்சு முப்பது கிலோ பச்ச வேணும், அஞ்சாறு கிலோ சோளத்தட்டு வேணும். பச்சையில்லாம மூட்டத் தீவனத்துலயே ஓட்டுனா, நீ கறந்து தீவனக் கடைக்காரரு குடிக்கறதுதான். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் குடுத்த கோ 5 கம்பு நேப்பியர் எக்டேருக்கு வருசம் 360 டன்னுங்கறாங்க. உன்ற போர்த் தண்ணிக்கு அதுல பாதின்னே வெச்சுக்க, ஒரு ஏக்கராவுல அஞ்சு மாடு தாராளமா நிக்கும். கரணை நட்டு மொத அறுப்புக்கு ரெண்டர மாசம், அப்பறம் ஒண்ணர மாசத்துக்கு ஒரு அறுப்பு. வெறும் புல்லயே போடாத. மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசாலோ அகத்தியோ சேத்து நறுக்கிப் போடு. எளஞ்சோளத்துல மட்டும் மாட்ட உட்டறாத, வெசம் ஏறிக் காட்டுலயே சாஞ்சுரும்.

கொரங்காட்டு மேல கலப்பைய வெச்சீன்னா வெவகாரம் நமக்குள்ள. கிளுவ வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டப் புல்லு, எல்லாம் உன்ற பாட்டன் பூட்டன் காலத்துது. மானத்தத் தவுத்து ஒருத்தன்கிட்டயும் தண்ணி கேக்காது. மழ பேஞ்சா எந்திரிக்கும், பேயலீன்னா வேர்ல படுத்துக்கும். ஏற்கெனவே மேச்சக்காடா இருக்கறத அழிச்சு மாட்டுப் பண்ணையா மாத்தறேங்கறியே, இதுக்கா உன்னய என்ஜினீரிங் படிக்க வெச்சோம்? செனை மாட்டயும் கெடாரியயும் அதுல மேய உடு, காலும் நல்லாருக்கும், செலவும் மிச்சம்.

மாடு புடிக்கக் கருங்கல்பாளையம் சந்தைக்குப் போனீன்னா வாயத் தொறக்காத. நீ பேசற தமிழக் கேட்டாலே புரோக்கருக்குப் பசி எடுத்துக்கும். துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெல பேசுவாங்க, நீ வெரல எண்ணறதுக்குள்ள ஏவாரம் முடிஞ்சிரும். மடி பெருசா இருக்குதுன்னு மயங்காத. ஒரு வேளை கறக்காம உட்டா எந்த மடியும் பெருசாத்தான் தெரியும். பல்லப் பாரு, நாலு காம்புலயும் கறந்து பாரு, கெட்டி தட்டுனாத் தள்ளி நில்லு. தோட்டத்துலயே மாடு சிக்குச்சுன்னா இன்னும் விசேசம். சாயங்காலம், மறுநா காத்தால, மறுபடி சாயங்காலம்னு மூணு கறவை கூட நின்னு அளந்துட்டு அட்வான்சு குடு. மூணாங்கறவைக்கு நிக்க வேண்டாம்னு சொல்றவன்கிட்ட மோருங்கூட வாங்கிக் குடிக்காத.

இத்தனையும் எழுதியிருக்கறே, கறக்கறது யாருன்னு எழுதலியே? வீட்டுக்காரிகிட்டக் கேட்டியா? எங்க காலத்துல கேக்காமயே கறக்க வெச்சுட்டோம், உன்ற அம்மச்சிக்கு இப்பவும் வெரலு மடங்கறதில்ல. உன்ற வீட்டுக்காரிகிட்ட அந்தப் பருப்பு வேகாது.

பத்து மாட்ட ரெண்டாக்கு. ரெண்டு ஈத்துக் கறந்து, ரெண்டு கன்னு நின்னு, சொசைட்டிப் பாஸ்புக்குல நாலு காசு தெரிஞ்சா அப்பறம் பெருக்கு. கொட்டாய்க்காரருக்கு அட்வான்சு குடுக்கறேன்னு இருந்தியே, அந்தப் பணத்துல மொதல்ல கரணை வாங்கியா. ஆடி முடியறதுக்குள்ள ஒரு ஏக்கரா நட்டுப்போட்டுப் போன் பண்ணு, மொத அறுப்புக்கு அருவாளோட வாரேன்.