மாமூலுக்கும் ஒரு தாய்வீடு உண்டு

வா கண்ணு, திண்ணையில குந்து. எங்கியோ மனை வாங்கிட்டு, பட்டா மாத்தறதுக்கு நடையா நடக்கறியாமே? மாமூல் குடுத்தா சுளுவா முடியும்னு புரோக்கர் சொன்னானாம், நீ மூஞ்சைச் சுளிச்சியாம். குலம் கோத்திரம் விசாரிக்காம ஒரு சொல்லை அப்படி அவமானப்படுத்தலாமா?

அரபிக்காரங்க மூணு எழுத்தை வேரா வச்சிக்கினு ஒரு குடும்பத்தையே பெத்துப்புடுவாங்க. ‘அமல்’னா வேலை. அதைச் செய்யறவன் ‘ஆமில்’. வரி தண்டறவனுக்கும் அதே பேருதான். செஞ்சது ‘மாமூல்’. செஞ்சு செஞ்சு பழகிப்போனதால ‘வழக்கம்’னு ஆயிடுச்சு. முடிச்சூர்ல வெள்ளம் வந்தா ‘மாமூல் வாழ்க்கை பாதிப்பு’ன்னு பேப்பர்ல போடறானே, எந்த மாமூல்னுதான் எனக்கு வெளங்கல.

ஆற்காட்டு நவாப் காலத்துல கணக்கு வழக்கெல்லாம் பாரசீகத்துல. நிலவரி தண்ட அமில்தாருங்க வந்தாங்க, பின்னாலயே சொல்லும் வந்துடுச்சு. 1763-ல நவாப் முகமது அலி நம்ம செங்கல்பட்டுச் சீமையையே கம்பெனிக்கு ஜாகீரா எழுதிக் குடுத்தாரு. வெள்ளைக்காரன் அப்புறம் நவாபை ஓரங்கட்டினான், சொல்லை மட்டும் பத்திரமா வச்சிக்கினான். காசு கொண்டுவர்ற சொல்லை எவன் விடுவான்?

ஆக, சட்டத்தை அமல்படுத்தறதும், படுத்தாம இருக்க வாங்கற மாமூலும் ஒருதாய் வயித்துப் புள்ளைங்க. அமலாக்கத்துறையும் அந்த வகையில பங்காளிதான்.

மகசூலும், வரி தண்டறதைச் சொல்ற தாசிலும்கூட அப்படித்தான், அதுங்க ரெண்டுக்கும் ஒரே வேரு. மாடம்பாக்கம் ஏரித்தண்ணி பாஞ்ச வரைக்கும் நமக்கு மகசூல் இருந்துச்சு, சர்க்காருக்கு தாசில் இருந்துச்சு. கழனியெல்லாம் மனையானப்புறம் மகசூல் மண்டையைப் போட்டுடுச்சு. தாசில் சௌக்கியமா இருக்கு.

சரி, மாமூல் குடுத்துத்தான் தீருவேன்னா குடு. 2018-ல ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திட்டாங்க. குடுத்தவனுக்கும் 7 வருசம் வரைக்கும் உள்ள சோறு உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தா, 7 நாளைக்குள்ள போய்ப் புகார் சொன்னாத்தான் தப்பிப்பே. அதனால நோட்டை எண்ணறதுக்கு முன்னாடி காலண்டர்ல நாளை எண்ணு.

இல்லாட்டி இன்னொண்ணு செய். சிரியா, லெபனான் பக்கம் ‘மாமூல்’னா பேரீச்சம்பழம் உள்ள வச்ச பிஸ்கோத்து. பெருநாளைக்குச் சுடுவாங்க. துபாயில இருக்கற உன் மச்சானை ஒரு டப்பா வாங்கியாரச் சொல்லு. கேக்கறவர் கேட்டா, நாலு பேரு பாக்க மேசை மேலயே வை. சக்கரை வியாதி, வேணாம்னு அவர் தள்ளிட்டாருன்னா, மனுசன் மாமூலே வாங்கமாட்டாருன்னு சேலையூர் வரைக்கும் நானே தமுக்கு அடிக்கிறேன்.