கன்னிமார் ஓடுவதில்லை

ஓஷியானஸ் என்கிற கடல் பெரியவருக்கு மூவாயிரம் பெண்கள். புளுகு என்னுடையதல்ல, ஹீசியட் என்ற கிரேக்கப் புலவர் சுமார் 2,700 வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்த குடும்பக் கணக்கு. ஆண்பிள்ளைகளும் அதே மூவாயிரம், அவர்கள்தான் ஆறுகள். அஞ்சு பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி என்று நம் ஊரில் சொல்லி வைத்தவர்கள் இந்த மனிதரைப் பார்த்ததில்லை.

இந்த நீரணங்குப் பெண்களின் ஆயுளுக்கும் ஹீசியட் பேரில் ஒரு வாய்ப்பாடு உண்டு. மனிதனுக்கு ஒன்பது தலைமுறை ஓடினால் காக்கைக்கு ஒரு ஆயுள். நாலு காக்கை ஆயுள் ஒரு மானுக்கு. மூன்று மான் ஒரு அண்டங்காக்கைக்கு. ஒன்பது அண்டங்காக்கை ஒரு ஃபீனிக்ஸுக்கு. பத்து ஃபீனிக்ஸ் ஒரு நீரணங்குக்கு. பெருக்கிப் பார்த்தால் 9,720 தலைமுறை வருகிறது. எல்.ஐ.சி. ஏஜென்ட் யாருக்கும் இந்தக் கணக்கைக் காட்டிவிடாதீர்கள்.

சரி, இவ்வளவு நீண்ட ஆயுளை வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? ஓடினார்கள். பெரும்பாலும் ஓட்டம்தான் அவர்கள் பிழைப்பு.

அரெத்தூசாவை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்குப் போன அலுப்பில் ஓர் ஆற்றில் இறங்கிக் குளித்தாள். அந்த ஆறே ஒரு ஆண்பிள்ளை, பெயர் ஆல்ஃபியஸ். தண்ணீருக்குள்ளிருந்து குரல் கொடுத்துக்கொண்டே எழுந்தான், இவள் கட்டிய துணியைக்கூட எடுக்காமல் ஓடினாள். ஓடி ஓடி வேர்த்து, வேர்த்து வேர்த்துக் கடைசியில் தண்ணீராகவே ஆகிவிட்டாள் என்கிறார் ரோமானியப் புலவர் ஓவிட். அப்போதாவது விட்டானா? அவனும் தண்ணீராகி அவளோடு கலக்கப் பார்த்தான். வேட்டைத் தேவி ஆர்ட்டெமிஸ் தரையைப் பிளந்து வழிவிட, இவள் கடலுக்கடியில் புகுந்து சிசிலியில் சிராகூஸ் நகரத்தில் ஊற்றாக எழுந்தாள். அங்கேயும் அவன் பின்னால் போய்ச் சேர்ந்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் சத்தியம் செய்தார்கள். ஒலிம்பியா பக்கம் ஆற்றில் போட்ட கிண்ணம் சிராகூஸ் ஊற்றில் மிதந்து வந்ததாம், அதுதான் சாட்சி. ஊற்று இன்றும் இருக்கிறது. புகார் வாங்க ஒரு மகளிர் காவல் நிலையம் இருந்திருந்தால், கிரேக்கப் புராணத்தில் பாதி முதல் தகவல் அறிக்கையோடு முடிந்திருக்கும்.

சேலம், நாமக்கல் பக்கத்து ஏரிக்கரைகளில் நிலைமை வேறு. இங்கே தண்ணீருக்குச் சொந்தக்காரிகள் ஏழு பேர். வேப்பமரத்தடியில் ஏழு கல், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கும். பிராமி, மகேஸ்வரி, கௌமாரி, வைஷ்ணவி, வாராகி, இந்திராணி, சாமுண்டி என்று படித்தவர்கள் பட்டியல் போடுவார்கள். கரையில் யாரும் அப்படித் தனித்தனியாகக் கூப்பிடுவதில்லை. கன்னிமார் சாமி, அவ்வளவுதான். ஏழு பேருக்கும் ஒரே பெயர், ஒரே முடிவு. அந்த அரெத்தூசா கெட்டதே தனியாகக் குளிக்கப் போனதால்தான். நம் பெண்கள் எங்கே போனாலும் ஏழு பேராகத்தான் போவார்கள். பக்கத்திலேயே கருப்பனோ முனியப்பனோ அரிவாளும் முறுக்கு மீசையுமாகக் காவல் இருப்பார். தேவராஜன் ஜீயஸ் அன்னமாகவும் காளையாகவும் வேஷம் போட்டு வந்த கதை கிரேக்கத்தில் செல்லும். இந்தக் கரைக்கு அப்படி வந்தால் காளையை ஜல்லிக்கட்டுக்கு அவிழ்த்துவிடுவார்கள், அன்னத்தின் கதியை நான் சொல்ல விரும்பவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு ஊரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒத்துப்போகின்றன. உச்சிவேளையில் தண்ணிப் பக்கம் போகாதே என்று நம் ஆத்தாக்கள் சொல்வார்கள். கன்னிமார் குளிக்கிற நேரம். டைரீசியஸ் என்ற கிரேக்கப் பையனுக்கும் உச்சிவேளைதான் வினையானது. ஊற்றில் அதீனா தேவி குளித்துக்கொண்டிருந்ததைத் தெரியாமல் பார்த்துவிட்டான், கண் போயிற்று. அவனைப் பெற்றவளே ஒரு நீரணங்கு, தேவியோடு அதே ஊற்றில் குளித்துக்கொண்டிருந்தவள். சிபாரிசு எடுபடவில்லை.

ஹைலஸ் கதை இதைவிட மோசம். மாவீரன் ஹெராக்ளீஸ் கூடவே வைத்து வளர்த்த பையன். வீரர்களோடு போன கப்பலை மைசியாவில் நிறுத்தியபோது குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனான். ஊற்றிலிருந்த நீரணங்குக்கு அவன் அழகைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. கழுத்தில் கை போட்டு உள்ளே இழுத்துக்கொண்டாள். ஓடுகிற பெண்கள் திருப்பி அடித்த அபூர்வமான இடம் இது, அடி என்னவோ ஒன்றுமறியாத பையன் மேல் விழுந்தது. ஹெராக்ளீஸ் காடெல்லாம் கத்திக்கொண்டு அலைந்தார். காற்று சாதகமாக அடித்ததும் மற்ற வீரர்கள் தலையை எண்ணிப் பார்க்காமல் கப்பலை எடுத்துவிட்டார்கள். பின்னாளில் அந்தப் பகுதிக்காரர்கள் அதையே திருவிழாவாக்கி, மலையெல்லாம் சுற்றி ஹைலஸ், ஹைலஸ் என்று கூப்பிட்டார்கள். பையன் வரவில்லை.

அதே பையன் ராசிபுரம் பக்கத்து ஏரியில் குடம் முக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாயங்காலம் காய்ச்சல் வந்திருக்கும். ஆத்தா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உச்சி நேரத்துல ஏரிப் பக்கம் போனியா கண்ணு?" என்று கேட்டிருப்பாள். மறுநாள் கரையில் பொங்கல். ஏழு பேருக்கும் கண்ணாடி வளையல், காதோலை கருகமணி, சீப்பு, கண்ணாடி. காய்ச்சல் இறங்கிவிடும், ஹெராக்ளீஸும் கப்பலைத் தவறவிட்டிருக்க மாட்டார். வளையலில் முடிகிற சமாச்சாரத்துக்கு ஒரு காவியமே எழுதிய ஆட்கள்!

எல்லாரும் வளையலுக்கு மசிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொல்லிமலையில் ஒருத்தி இருந்தாள், கொல்லிப்பாவை. பூதம் செய்து வைத்த பாவை. சிரித்தால் ஆள் காலி. இப்படிப்பட்டவளைக் காட்டி, என் காதலி இவளைப் போல இருக்கிறாள் என்று சங்ககாலத்துக் காதலர்கள் மெச்சிக்கொண்டார்கள். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அவள் இருக்கிறாள். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்த வல்வில் ஓரிகூட அதே மலையை ஆண்டபோது அவளிடம் வம்புக்குப் போனதாகப் பாட்டு இல்லை. இப்போது அவளை எட்டுக்கை அம்மனாகக் கும்பிடுகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், ஆயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கி ஆகாய கங்கை அருவியில் நனைந்துவிட்டு, அதே படியில் திரும்ப ஏறுகிறவனைக் கொல்ல யாரும் சிரிக்கவேண்டிய அவசியமே இல்லை.

நாமக்கல்லில் கதை இன்னும் சாது. கமலாலயக் குளக்கரையில் நாமகிரித் தாயார் தவம் இருக்கிறாள். கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமத்தோடு வந்த ஆஞ்சநேயர், "குளிச்சிட்டு வந்துடறேன், கொஞ்சம் புடிச்சுக்குங்க தாயே" என்று அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்குகிறார். சொன்ன நேரத்துக்கு வரவில்லை. தாயார் கீழே வைத்துவிட்டாள், அது மலையாக வளர்ந்துவிட்டது. கிரேக்கத்தில் குளக்கரையில் ஒரு தெய்வம் தனியாக ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டால் முடிவில் அவள் மரமாகவோ நாணலாகவோ ஆகியிருப்பாள். இங்கே ஆனது கல்தான். வந்தவர் பிரம்மச்சாரி, பதினெட்டு அடி உயரத்துக்குக் கை கூப்பி இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

சேலம் நகரத்துக்குள் திருமணிமுத்தாறு என்று ஒன்று ஓடுகிறது. சேர்வராயன் மலைப் பக்கம் பிறந்து, மணியும் முத்துமாகப் பெயர் வாங்கி, ஊருக்குள் நுழைந்ததும் சாக்கடையையும் சாயத்தண்ணீரையும் சுமந்துகொண்டு காவிரிக்குப் போகிறது. அங்கே குடியிருந்த நீரணங்கு யாராயிருந்தாலும் காலி செய்துவிட்டுப் போயிருப்பாள், முன்பணம்கூடக் கேட்டிருக்க மாட்டாள்.

காவிரிதான் இவர்கள் எல்லாருக்கும் அக்கா. அவளை முதலில் தேக்கியவர் அகத்தியர், கமண்டலத்தில். மதகு வைக்கத் தோன்றவில்லை அவருக்கு. காக்காயாக வந்த விநாயகர் தட்டிவிட்டதும் மொத்தமும் ஒரே நாளில் வெளியேறிவிட்டது. இரண்டாவது கமண்டலத்தை வெள்ளைக்காரர்கள் மேட்டூரில் 1925 முதல் 1934 வரை கட்டினார்கள். 120 அடி, 93.47 டி.எம்.சி., பேர் ஸ்டான்லி நீர்த்தேக்கம். உபரி வெளியேறப் பதினாறு கண் மதகு. இந்தத் தடவை காக்காய் உட்காரலாம், தட்டிவிட முடியாது. டெல்டாவுக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அகத்தியரே வந்தாலும் அரசாணை வேண்டும்.

ஆடிப் பதினெட்டுக்கு அவள் மசக்கைக்காரி. அதனால் சித்ரான்னம், காதோலை கருகமணி, புது மஞ்சள் கயிறு. ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாதரே ஆடி 28-ல் அம்மா மண்டபத்துக்கு வந்து சேலையும் சீரும் தருகிறார். கிரேக்கத் தெய்வங்களில் ஒருத்தர் ஒரு நீரணங்குக்குத் துணி எடுத்துக் கொடுத்ததாக நான் படித்ததில்லை, அவிழ்க்க வைத்ததுதான் அதிகம். மேட்டூரில் ஆடிப் பதினெட்டன்று காவிரியில் முங்கியவர்கள் நேராக அணைக்கட்டு முனியப்பனிடம் போவார்கள். காவிரிக்குச் சோறு, காவல்காரருக்குக் கிடாய். வறண்ட வருஷங்களில் இந்த ஒரு நாளுக்காகவே தனி உத்தரவு போட்டுத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

நீர்மட்டம் ரொம்ப இறங்கினால் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டும், கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் எழுந்து நிற்கும். பார்க்கக் கூட்டம் வரும், கூட்டத்துக்குப் பின்னாலேயே வறுவல் சட்டி வரும். காவிரி இப்படி வற்றிப் போயிட்டாளே என்று யாராவது வருத்தப்பட்டுப் பேசினால், கடைக்கார அக்கா துண்டத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொல்வாள்: "தண்ணி எறங்குனாத்தானுங்க வலைக்கு மீனு மாட்டும். ஆறிப்போவுது, சாப்புடுங்க சாமி."