தோல்விக்கு ஒரு மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! 1995 ஜனவரியில் ஃபியஸ்டா பவுலில் கொலராடோவிடம் 24-41 என வீழ்ந்தும், மறு ஆண்டு ஆரஞ்சு பவுலில் புளோரிடா ஸ்டேட்டிடம் 26-31 என நழுவியும், 1997 இறுதியில் இண்டிபெண்டன்ஸ் பவுலில் எல்.எஸ்.யு.விடம் 9-27 எனப் பணிந்தும், 1999இல் கேட்டர் பவுலில் ஜார்ஜியா டெக்கிடம் 28-35 எனச் சரிந்தும், 2001இல் ஒரிகன் ஸ்டேட்டிடம் 9-41 என நொறுங்கியும், 2003இல் நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் 6-28 எனத் தேய்ந்தும், 2004 இறுதியில் மறுபடி ஒரிகன் ஸ்டேட்டிடமே 21-38 எனத் திரும்பப் பெற்றும், 2006இல் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 20-34 எனப் புறங்காட்டியும், 2007இல் மறுபடி எல்.எஸ்.யு.விடம் 14-41 எனக் கப்பம் கட்டியும், ஒன்பது களங்களில் ஒன்றுவிடாமல் தோற்று, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் சாதனை ஏட்டில் தன் பெயரைப் பொறித்தருளிய இண்டியானா மாநிலத்து நோட்டர்டேம் பல்கலைக்கழகம் வாழ்க!

இந்தப் பட்டியலில் 2001க்குத் தனி மரியாதை உண்டு. அன்று எதிரணி 18 முறை விதிமீறித் தண்டனை வாங்கி, 174 கெஜத்தைத் தானமாகக் கொடுத்தது. அத்தனையையும் வாங்கிக்கொண்டு 32 புள்ளிகள் பின்தங்குவது எளிய காரியமல்ல. நோட்டர்டேமின் சொந்த மைதானத்துக்கு எதிரே, நூலகத்தின் முகப்பில், நடுவர் டச் டவுன் காட்டுவதுபோல் கைகளை உயர்த்தி நிற்கும் பிரம்மாண்டமான கிறிஸ்துவை ரசிகர்கள் 'டச் டவுன் இயேசு' என்று அழைப்பார்கள். அந்தக் கைகள் எதற்காக உயர்ந்திருக்கின்றன என்பதில் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பலருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

பவுல் என்பது என்ன? பருவம் முடிந்ததும் டிசம்பர், ஜனவரியில் நடக்கும் அழைப்பாட்டம். பெரும்பாலானவற்றில் அழைப்பது அந்தந்த நகரத்துப் பவுல் நிர்வாகம். அவர்கள் தேடுவது திறமையை மட்டுமல்ல. ஓட்டல் அறைகளை நிரப்பும் கூட்டத்தையும், தொலைக்காட்சி முன் உட்காரும் கூட்டத்தையும்தான். 1994 பருவத்தில் நோட்டர்டேம் ஆறு வெற்றி, நான்கு தோல்வி, ஒரு சமன் என்று நின்றது. அதற்குத்தான் மேலே சொன்ன 1995 ஃபியஸ்டா அழைப்பு. வேறொரு கல்லூரி இந்தக் கணக்கோடு போயிருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

இதே பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் பவுல் ஆட்டங்களைத் தீண்டாமல் இருந்தது. 1925 ரோஸ் பவுலில் ஸ்டான்ஃபோர்டை வென்ற பிறகு, 1970 வரை எந்த அழைப்பையும் ஏற்கவில்லை. மாணவர்களின் படிப்பு கெடும் என்றார்கள். அந்தத் துறவு 45 ஆண்டுகள் நீடித்தது. பிறகு படிப்பு கெடாமல் போனதா, அல்லது கெடுவதற்கு நல்ல விலை கிடைத்ததா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

விலைப்பட்டியல் இதோ. 1991 முதல் சொந்த மைதான ஆட்டங்களை ஒளிபரப்ப என்.பி.சி. தொலைக்காட்சியோடு தனி ஒப்பந்தம். பெரிய பவுல்களைப் பங்கிடும் மேசையில், மற்ற கல்லூரிகளுக்காகக் கூட்டமைப்புகளின் ஆணையர்கள் உட்கார, கால்பந்தில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராத நோட்டர்டேமுக்கு மட்டும் தனி நாற்காலி. தரவரிசையில் முதல் எட்டுக்குள் வந்தால் இடம் உறுதி என்று பெயர் சொல்லி அன்று ஒரு விதியும் இருந்தது. மற்றவர்கள் பவுல் பணத்தைத் தங்கள் கூட்டமைப்புக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். இவர்களுக்குப் பங்காளி இல்லை. 2006இல் ஒஹாயோ ஸ்டேட்டிடம் உதை வாங்கியதற்குக் கிடைத்தது 1.4 கோடி டாலருக்கு மேல். இப்படித் தோற்க வாய்த்தால் யார்தான் ஜெயிக்க மெனக்கெடுவார்கள்?

உதை வாங்கிய பையன்களுக்கு? மூட்டும் மூளையும் அவர்களுடையது, பணம் மற்றவர்களுடையது. பவுல் நிர்வாகம் ஒரு வீரருக்கு அன்று கொடுக்க அனுமதி சுமார் 500 டாலருக்குள் ஒரு பரிசுப் பை. கைக்கடிகாரம், கறுப்புக் கண்ணாடி. அதற்கு மேல் கொடுத்தால் விளையாட்டின் புனிதம் கெட்டுவிடுமாம். அந்தப் புனிதத்தைக் காத்த பூசாரிகளில் ஒருவர் ஃபியஸ்டா பவுலின் தலைவர் ஜான் ஜங்கர். வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனம் அது. அதன் பணத்தில் 33,000 டாலருக்கு மேல் செலவழித்துத் தம் ஐம்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடினார். ஊழியர்கள் பெயரில் அரசியல்வாதிகளுக்கு நன்கொடை கொடுக்கவைத்து, அந்தத் தொகையை நிறுவனமே திருப்பிக் கொடுத்தது. 2011இல் வேலை போயிற்று. 2014இல் எட்டு மாதச் சிறை. தொண்டு என்றால் இதுவல்லவா தொண்டு!

பயிற்சியாளர்கள் கதை இன்னும் ருசியானது. டைரோன் வில்லிங்ஹாம், அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். 21 வெற்றி, 15 தோல்வி. ஆறாண்டு ஒப்பந்தத்தின் பாதியில், 2004இல் வெளியே அனுப்பினார்கள். அடுத்து வந்த சார்லி வைஸுக்கோ ஏழே ஆட்டங்கள் முடிந்ததும் பத்தாண்டுக்குப் புது ஒப்பந்தம். 35 வெற்றி, 27 தோல்வியோடு அவர் 2009இல் போனார். விகிதம் போட்டுப் பார்த்தால் வில்லிங்ஹாமைவிடக் கீழே. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே? போனவருக்கு 2015 வரை கட்டிய தொகை மொத்தம் ஏறத்தாழ 1.9 கோடி டாலர். நடுவில் 2008 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஹவாய் அணியை 49-21 என வென்று ஒன்பது தோல்விச் சங்கிலியை அறுத்தது அவர்தான். அந்த ஒரு கைத்தட்டலின் விலையைக் கணக்குப் பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு தொகையையும் பக்கத்தில் எழுத வேண்டும். 2010 அக்டோபர் 27. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று வீசிய நாள். பயிற்சியைப் படம்பிடிக்க உயரத் தூக்கும் மேடை ஒன்றில் 20 வயது மாணவர் ஒருவரை ஏற்றிவிட்டிருந்தார்கள். மேடை சாய்ந்தது, மாணவர் இறந்தார். மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை விதித்த அபராதம் 77,500 டாலர். சமரசத்தில் அது 42,000 ஆகக் குறைந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்தே பொறுப்பு என்றது நிர்வாகம். எல்லோரும் பொறுப்பென்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்பது நிர்வாகங்களுக்கு மனப்பாடம். ஒருவருக்கும் வேலை போகவில்லை.

2025 ஜனவரியில் ஷுகர் பவுலில் ஜார்ஜியாவை 23-10 என வென்றார்கள். 1994க்குப் பிறகு, 31 ஆண்டுகளில், முதல் பெரிய பவுல் வெற்றி. இப்போதைய பயிற்சியாளர் மார்கஸ் ஃப்ரீமனின் பையன்கள் உழைத்து வாங்கியது, மறுக்கவில்லை. அதே டிசம்பரில், பத்து வெற்றி இரண்டு தோல்வியோடு இருந்தும், பன்னிரண்டு அணிகள் சாம்பியன் பட்டத்துக்கு மோதும் பிளேஆஃப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. உடனே வந்தது பெருங்கோபம். வேறு எந்தப் பவுலிலும் ஆட மாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். விளையாட்டுத் துறையின் தலைவர் இப்போது பீட் பெவாக்குவா, முன்பு என்.பி.சி. விளையாட்டுப் பிரிவின் தலைவர். வியாபாரிக்கும் வித்யாசாலைக்கும் நடுவே இருந்த சுவர் இப்போது வாசலாகிவிட்டது.

ஆக, ஆட மறுப்பது இவர்களால் முடியும். ஆறு வெற்றியோடு கூச்சமில்லாமல் அழைப்பை வாங்கியபோது முடியவில்லை. மேடை சாய்ந்து மாணவர் இறந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை, அதே ஊர் மைதானத்தில் டல்ஸாவோடு ஆட்டம் குறித்தபடி நடந்தது. 27-28 எனத் தோற்றார்கள். அன்றும் மறுக்க முடியவில்லை. ஒரு குழு தரவரிசையில் கீழே இறக்கியபோதுதான் மானம் போனது, முதுகெலும்பு முளைத்தது. மாணவர் உயிரைவிடத் தரவரிசை எண் கனமானது என்று இந்தப் பல்கலைக்கழகம் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறது. கல்லில் வெட்ட வேண்டிய வரி அதுதான்.